இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் செவந்தியின் ஃப்ளெக்ஸ்

புதுக்கோட்டை மாவட்டத்தில் நடக்கிற கல்யாணங்களில் பாதி, அன்புச்செல்வி எழுதிக்கொடுத்த ஃப்ளெக்ஸ் வாசகத்தின் அழகைப் பார்த்துத்தான் நடக்கிறது. மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று மண்டபத்து மாடியில் அழுதுகொண்டிருந்த பெண், வாசலில் தொங்கிய நாலு வரியைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணவறைக்குப் போனாளாம். சரி, சரி. பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். எண்ணிப் பார்த்தால் இலுப்பூரைச் சுற்றி ஏழெட்டுக் கல்யாணம், நாலைந்து காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி. அந்த அழுத பெண் முழுக்க முழுக்கக் கைச்சரக்கு. ஆனால் அன்புச்செல்வி கடைசியாக எழுதிய ஃப்ளெக்ஸ் இருக்கிறதே, அந்த விஷயத்தில் கைச்சரக்கு சேர்க்க வழியில்லை. கூட்டிச் சொன்னால் தாங்காது. குறைத்துச் சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அவள் ஒன்றும் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவள் இல்லை. இலுப்பூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டிக் கருவேலங்காட்டுக்கு நடுவில் நிற்கிற ஒரு நர்ஸிங் கல்லூரியில் டியூட்டர். முதல் வருஷத்துப் பிள்ளைகள் அவள் பொறுப்பு. வாசகம் எழுதுவது கைப்பழக்கம். பேப்பரில் பேனாவை வைத்தால் மோனையும் எதுகையும் தானாக வந்து வரிசையில் நிற்கும். ஃப்ளெக்ஸ் கடை சந்தோஷ்குமார், "டீச்சர், ஒரு பூப்புனித நீராட்டு விழா இருக்கு, பொண்ணு பேரு ஜெனிஷா, ஏதாச்சும் போட்டு விடுங்க" என்று போன் செய்தால், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்லிவிடுவாள்.

பிறந்தது ஆலங்குடிப் பக்கம், முந்திரிக் காட்டில். சின்ன வயதிலிருந்து கொட்டை உடைத்து உடைத்து, அந்த ஓட்டிலிருந்து வடிகிற பால் பட்டுப் பத்து விரலும் கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். மதுரையில் நர்ஸிங் சேர்ந்தபோது அந்தக் கையோடுதான் போனாள். முதல் வருஷம் முழுக்க வெள்ளைக் கோட்டுப் பைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு நடந்தாள். கூடப் படித்தவர்கள் அவளுக்கு 'முந்திரி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு முறை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். இரண்டு முறையும் அவளுடைய ஆத்தா பெட்டியை இறக்கவே விடவில்லை. வந்த பஸ் திரும்புகிற வரைக்கும் ரோட்டிலேயே நிற்க வைத்துப் பழைய சோற்றைக் கையில் கொடுத்துத் தின்ன வைத்து, அதே பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

அந்தக் கதையை ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொல்வாள். சொல்லிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். "பாருங்கடி, எங்கிட்டுப் போச்சு கறை? கறை போகும். படிப்பு போகாது." பிள்ளைகள் கைதட்டும்.

வெறும் பேச்சோடு நின்றுவிடுகிறவளும் இல்லை. உடம்பின் எலும்புகளை இங்கிலீஷில் படிக்க முடியாமல் அழுகிற பிள்ளைக்கு அதையெல்லாம் கும்மிப் பாட்டாகக் கட்டிக்கொடுப்பாள். மாப்பிள்ளை வந்திருக்கிறது, பெண்ணை அனுப்புங்கள் என்று வந்து நிற்கிற அப்பாக்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவாள். டீ குடித்து முடிக்கும்போது அப்பா தனியாகத்தான் பஸ் ஏறுவார். "என் கையில வந்த புள்ள பாதியில போனதா சரித்திரம் இல்ல" என்று அவள் சொல்லிக்கொள்வதை யாரும் மறுத்ததில்லை. அது உண்மையும்கூட.

அப்படி இருக்கையில்தான் செவந்தி வந்து சேர்ந்தாள்.

செவந்தி நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தபிறகு சான்றிதழ் கிடைத்து, இலுப்பூர்ப் பக்கத்தில் இருக்கிற அவர்கள் குடியிருப்பிலிருந்து நர்ஸிங் படிக்க வந்த முதல் பெண். வீட்டில் வாக்ரிபோலி பேசுவாள். வகுப்பில் தமிழ் பேசுவாள். பரீட்சையில் இங்கிலீஷ் எழுதுவாள். மூன்றும் சுத்தமாக இருக்கும். ஹாஸ்டலில் மற்றப் பிள்ளைகள் மாதிரியே நைட்டியோடு வரிசையில் நின்று ரசம் வாங்கினாள். மற்றப் பிள்ளைகள் மாதிரியே வார்டனைத் திட்டினாள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "ஃபேன்ஸி வியாபாரம்" என்றாள். பொய்யில்லை. அவள் அம்மா துர்கா ஊர் ஊராகப் போய் ஹேர் கிளிப்பும் பாசியும் பலூனும் விற்கிறவள்தான். எந்தக் குடியிருப்பு, என்ன சாதி என்பது ஆபீஸுக்கும் பிரின்சிபால் சந்தனமேரிக்கும் அன்புச்செல்விக்கும் மட்டும் தெரியும். வகுப்பில் யாருக்கும் தெரியாது.

அன்புச்செல்விக்கு அது பொறுக்கவில்லை. எவ்வளவு பெரிய காரியம், இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறதே என்று அவளுக்குத் தோன்றிற்று. நல்லெண்ணம்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

முதல் வருஷத்துப் பிள்ளைகள் வெள்ளை உடுத்திக் கையில் விளக்கோடு உறுதிமொழி எடுக்கிற விழா வந்தது. செவந்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அன்புச்செல்வி போனில் ஒரு படம் எடுத்தாள். முகத்தில் வெளிச்சம் விழுந்து, அந்தப் பிள்ளை தேர் இறங்கி வந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே படம் சந்தோஷ்குமாருக்குப் போனது. கூடவே வாசகமும் போனது.

*பாசிமணி கோத்த கையில் ஊசிமருந்து ஏந்த வந்தாய்!*
*இரவெல்லாம் விழித்திருந்து இன்னுயிரைக் காக்க வந்தாய்!*
*எங்கள் கல்லூரியின் முதல் நரிக்குறவர் செவிலி செவந்தியே, வாழ்க!*

"டீச்சர், இதுவரைக்கும் எழுதுனதுல இதான் டாப்பு" என்றார் சந்தோஷ்குமார். "ப்ரூஃப் யாருக்கு அனுப்பணும்?"

எந்த வாசகம் எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃப் விழா வீட்டாருக்குப் போகும். அவர்கள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடிப்பார்கள். தாய்மாமன் படம் சின்னதாகப் போய்விட்டது என்று ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது.

"எனக்கே அனுப்புங்க" என்றாள் அன்புச்செல்வி.

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில், பஸ்கள் திரும்புகிற முனையில் ஆளுயரத்துக்கு மேல் அது நின்றது. பிரின்சிபால் சந்தனமேரி ஆவூர்க்காரர், அதிகம் பேசாதவர். காரில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பெருசா இருக்கே செல்வி" என்று மட்டும் சொன்னார். பெரிய பாராட்டு என்று அன்புச்செல்வி எடுத்துக்கொண்டாள். "பாத்தியாடி?" என்று கேட்டதற்குச் செவந்தி "பாத்தேன் மிஸ்" என்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று அதையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி போஸ்டிங். ஆண்கள் வார்டில் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கட்டிலாகப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவந்தி போன கட்டிலில் காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏ பாப்பா, நீதான பஸ் ஸ்டாண்டு போர்டுல வெளக்கோட நிக்கிற?"

"ஆமாங்க. கைய நீட்டுங்க தாத்தா."

"கை கெடக்கட்டும். நரிக்கொம்பு ஒண்ணு கெடைக்குமா? ஒரிஜினலா வேணும். பேரப்பய ராத்திரியில பயந்து பயந்து அழுவுறான்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்புச்செல்வியும் சிரித்தாள். அந்த இடத்தின் இறுக்கத்தைத் தளர்த்தத்தான் சிரித்தேன் என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு சிரிப்புதான்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அதற்கு அடுத்த கட்டிலில் இருந்தவருடைய மனைவி, செவந்தி பிரஷர் பட்டையோடு கிட்டே வந்ததும் புருஷனுடைய கையைப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். "வேற நர்ஸம்மா யாரையாச்சும் வரச் சொல்லுங்க டீச்சர். இவுக வேணாம்."

வகுப்பில் அன்புச்செல்வி இதற்குத் தனிப்பாடமே நடத்தியிருக்கிறாள். நோயாளி மறுத்தால் என்ன சொல்ல வேண்டும், மாணவிக்குப் பக்கத்தில் டியூட்டர் எப்படி நிற்க வேண்டும் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நேரம். அன்புச்செல்வி கையை நீட்டி, செவந்தியின் கையில் இருந்த பட்டையை வாங்கி, தானே அந்த ஆளுக்குக் கட்டிப் பிரஷர் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஓரிரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். செவந்தி வெறுங்கையோடு நின்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செவந்தி வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த வாரமே அப்படிக் கழிந்தது.

பிரின்சிபால் கூப்பிட்டார். "வர்ற திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியிலருந்து எக்ஸாமினர் வர்றாங்க. அன்னைக்கு அந்தப் புள்ள வரலைன்னா வருஷம் போயிரும், செல்வி. வருஷம் போச்சுன்னா இந்தப் புள்ளைங்க திரும்பி வராதுங்க. ஒங்களுக்குத் தெரியாததில்ல."

"கல்யாணப் பேச்சா இருக்கும் மேடம். நான் ஒரு நடை போயிட்டு வாரேன். வந்துருவா."

சொல்லிவிட்டுப் பிரின்சிபாலின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனாள். வழியில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கால் கிலோ லட்டு வாங்கினாள். தலைக்கு மேலே செவந்தி விளக்கோடு நின்றாள். அன்றைக்கு ஏனோ நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

குடியிருப்பில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் இரண்டு வரிசை. ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே சின்னப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. "ஃப்ளெக்ஸு மிஸ்ஸு வந்திருச்சு! ஃப்ளெக்ஸு மிஸ்ஸு!"

துர்கா வாசலில் உட்கார்ந்து ஹேர் கிளிப்புகளை அட்டையில் குத்திக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "வா மிஸ்ஸு. அந்த நாற்காலியில ஒக்காரு. போட்டோ எடுக்க வரவங்களுக்குன்னே வாங்கிப் போட்டிருக்கோம்."

அன்புச்செல்வி உட்காராமல் நின்றாள். "அக்கா, திங்கக்கெழமை பரீட்சைக்கா. செவந்திய அனுப்பி வைங்க. அம்புட்டு நல்லாப் படிக்கிற புள்ள."

"நல்லாப் படிக்கிற புள்ளையா?" துர்கா கிளிப்பைக் கீழே வைத்தாள். "அதை எழுதியிருக்கலாம்ல? பாசிமணின்னு எழுதுனே. ஊசின்னு எழுதுனே. ராத்திரின்னு எழுதுனே. எம் மக மார்க்க எழுதுனியா?"

"அது வந்துக்கா..." என்று இழுத்தாள் அன்புச்செல்வி. டீ டம்ளரைக் கையில் கொடுத்து எத்தனையோ அப்பாக்களைப் பேசி அனுப்பிய வாய் அது.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது மிஸ்ஸு. சொல்றேன் கேளு" என்று துர்காவே தொடர்ந்தாள்.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெண்கள் குடியிருப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே பெரியவர்கள் வைத்திருந்த வழக்கம். இரவில் வெளியே தங்கிய பெண்ணுடைய குடும்பம் சாமி மூட்டையைப் பிரித்துப் பூசை போட முடியாது. சாமி மூட்டை என்றால் துணிக்குள் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வைத்துக் காக்கிற குடும்பத்துத் தெய்வம். வருஷத்துக்கு ஒரு முறை சொந்தபந்தம் எல்லாம் கூடும்போதுதான் அதைப் பிரிப்பார்கள். செவந்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது துர்கா ஒரு மாதம் பெரியவர்களோடு மல்லுக்கு நின்றாள். ஹாஸ்டலும் வீடுதான், வெளியே பூட்டுப் போடுகிற வீடு, காவலுக்குக் கிழவி இருக்கிற வீடு என்று பேசிப் பேசிக் கடைசியில் அவர்களை இளக வைத்தாள். சரி போகட்டும், ஆனால் வெளியூர்ச் சொந்தங்களின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்றார்கள். அப்படித்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க சனம் எங்கிட்டு இருக்கும்? பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கும்" என்றாள் துர்கா. "எங்க கொழுந்தன் மருமக அங்கன பலூன் விக்கிறா. நாலாப்புப் படிச்சவ. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சிருக்கா. இரவெல்லாம் விழிச்சிருந்துன்னு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வர வேண்டியவ, ராத்திரிக்கு வெளக்கப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கிறாளேன்னு போன்ல போட்டோவப் போட்டு விட்டுட்டா. திருச்சி, மதுரை, எல்லாச் சனத்துக்கும் போயிருச்சு. இப்ப எங்க மூட்டையப் பிரிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ஐயோ அக்கா! மொத வருஷத்துப் புள்ளைகளுக்கு நைட் டியூட்டியே கெடையாதே!"

"கெடையாதா?"

"கெடையாதுக்கா. சத்தியமா."

"அப்பறம் எதுக்கு எழுதுனே?"

அன்புச்செல்வி வாயைத் திறந்தாள். உண்மையைத் தவிர வேறு எதுவும் கைவசம் இல்லை. "இன்னுயிர்னு வருதுல்லக்கா. அதுக்குப் பொருத்தமா இரவுன்னு... மோனைக்காக."

"மோனையா?" என்றாள் துர்கா. "அது யாரு, எங்க மூட்டையில இருக்கிற சாமியவிடப் பெரிய சாமியா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். செவந்தியிடம் அந்தப் பெரியவர் நரிக்கொம்பு கேட்டபோது வார்டில் எழுந்த சிரிப்பைப் போலவே இருந்தது. நடுவில் நின்றது மட்டும் இந்த முறை அன்புச்செல்வி.

உள்ளேயிருந்து செவந்தி வந்தாள். பழைய பாவாடை, மேலே ஒரு டி-ஷர்ட். கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஏண்டி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அன்புச்செல்வி. கேட்ட பிறகுதான் எந்த இடத்தில் நின்றுகொண்டு என்ன கேட்கிறோம் என்று உறைத்தது.

"நீங்க கேக்கவே இல்லையே மிஸ்."

"நல்லது செய்யறதாத்தான் நெனச்சேன்டா."

"தெரியும் மிஸ்." செவந்தி சுவரைப் பார்த்துப் பேசினாள். "முந்திரிப்பால் கறையப் பத்தி நீங்க மொத நாள் சொன்னீங்க. அது ஒங்க கதை. ஒங்க கை நல்லானதுக்கு அப்பறம், எப்பச் சொல்லணும்னு ஒங்களுக்குத் தோணுச்சோ அப்பச் சொன்னீங்க. எனக்கும் அப்பிடி ஒரு நாள் சொல்லணும்னு இருந்துச்சு. கோர்ஸ் முடிச்சு, வேலைக்குப் போயி, மொத சம்பளம் வாங்கிட்டு வகுப்புல வந்து சொல்லணும்னு. அத நீங்களே பஸ் ஸ்டாண்டுல சொல்லிட்டீங்க."

அன்புச்செல்வி லட்டுப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"போர்டுகூடப் பரவால்ல மிஸ். பட்டைய ஏன் மிஸ் வாங்குனீங்க? அந்தம்மா வேணாம்னுச்சு. அது தெரியாத சனம். நீங்க ஏன் வாங்குனீங்க?"

அதற்குமேல் நடந்ததைத்தான் அன்புச்செல்வியால் இன்று வரைக்கும் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அவள் அழுதாள். கண்ணில் நீர் கோத்தது என்கிற மாதிரி அழுகை இல்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, அந்தப் போட்டோ நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். குடியிருப்புப் பெண்கள் பதறிவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி முதுகைத் தடவினாள். துர்காவே எழுந்து வந்து, "சரி விடு மிஸ்ஸு, அழுவாத, வெயில்ல வந்திருக்கே" என்று முந்தானையால் விசிறிவிட்டாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள் ஆறுதல் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். மன்னிப்பு என்கிற வார்த்தை வாயிலிருந்து வரவே இல்லை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. கொடுக்க மறந்த லட்டுப் பெட்டி வண்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்தது.

நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சந்தோஷ்குமாருக்குப் போன் செய்தால் ஆளை அனுப்பி அவிழ்த்துவிடுவார். செய்யவில்லை. பழக்கடையில் ஒரு கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பயணிகள் உட்காருகிற சிமெண்டுப் பெஞ்சின் மேல் ஏறினாள். உச்சி வெயில். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒவ்வொரு கயிறாக அறுத்தாள்.

"என்ன டீச்சர், நீங்களே போட்டு நீங்களே கழட்டுறீங்க? அந்தப் பொண்ணு ஃபெயிலா?" என்று ஒரு கண்டக்டர் கத்தினார்.

"நான்தான் ஃபெயிலு" என்றாள் அன்புச்செல்வி. பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்லத் தைரியம் வரவில்லை.

தூணோரம் பலூன் கொத்தோடு ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துர்கா சொன்ன மருமகளாக இருக்கலாம். ஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் அறுந்து அன்புச்செல்வியின் தலைமேல் சரிந்தபோதும் அந்தப் பலூன்காரி நகரவில்லை. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

கீழே விழுந்ததைச் செவந்தியின் முகம் உள்பக்கமாகப் போகும்படி மடித்தாள். மடித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கே ஃப்ளெக்ஸ் அவிழ்த்தாலும் வருவார்கள். "குடுங்க டீச்சர், மாட்டுக்கொட்டாய் ஒழுகுது, மேல போட்டுக்கறேன்." "எனக்குக் குடுங்க, நெல்லு காயப் போடணும்." எத்தனை மணமக்கள் இப்படி மாட்டுக்கொட்டகை மேல் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கிறார்கள் என்று அவளே எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்று இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலத்தை ஸ்கூட்டரில் காலிடையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் தெருவுக்கே போகும். குப்பையில் போட்டால் யாராவது விரித்துப் பார்ப்பார்கள். கடைசியில் கத்திரிக்கோலை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, தன் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கினாள். 'இரவெல்லாம்' என்பதை நறுக்க வெகுநேரம் ஆனது. எழுத்து அவ்வளவு பெரிதாக அடிக்கச் சொல்லியிருந்தாள். படத்தை மட்டும் நறுக்கக் கை வரவில்லை. சுருட்டிப் பரண்மேல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்தபடி இருந்தாள். அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. சந்தோஷ்குமார் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு வாசகம் கேட்டு மெசேஜ் போட்டார். "வேற ஆளப் பாருங்க" என்று பதில் போட்டாள். அவர் அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மறுபடி குடியிருப்புக்குக் கிளம்பினாள். இந்த முறை பேச்சுக் கிடையாது, காலில் விழுந்தாவது கூட்டிவந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனாள். துர்கா வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பல் விளக்கிக்கொண்டே, "எல்லாம் கெளம்பிருச்சுங்க" என்றாள். எங்கிட்டு என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

வெளியூர் வியாபாரத்துக்குத்தான். வேறென்ன. சொந்தபந்தத்தின் முகத்தில் விழிக்க முடியாமல் மகளையும் அழைத்துக்கொண்டு துர்கா கிளம்பிவிட்டாள். அன்புச்செல்வி அப்படித்தான் முடிவு செய்தாள். கல்லூரிக்குத் திரும்புகிற வழியெல்லாம் பிரின்சிபாலிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தேடிக்கொண்டே வந்தாள். என் கையில் வந்த பிள்ளை என்று ஆரம்பிக்கிற எந்த வாக்கியமும் முடிகிற மாதிரி அமையவில்லை.

செய்முறை அறையின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

மூன்றாவது கட்டிலருகில் செவந்தி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடை, இழுத்து வாரிய தலை. நோயாளியாகப் படுத்திருந்த சீனியர் பெண்ணின் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எக்ஸாமினர் ஏதோ கேட்டார். செவந்தி பதில் சொன்னாள். எக்ஸாமினர் தலையை அசைத்து எழுதிக்கொண்டார். அன்புச்செல்விக்கு உள்ளே போக வேண்டும் போலவும் இருந்தது, ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வு முடிந்து பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்தபோது பிரின்சிபால் சந்தனமேரியும் எக்ஸாமினரோடு வெளியே வந்தார்.

"நல்லாப் பண்ணுச்சு செவந்தி" என்றார் பிரின்சிபால். "இனிமே ஹாஸ்டல் வேணாம், வீட்டுலருந்தே வந்து போறேன், சாயங்காலம் வெளிச்சத்தோட அனுப்பிருங்கன்னு காலையில கேட்டுச்சு. சரின்னுட்டேன். மூணாவது வருஷம் நைட் டியூட்டி வரும்போது அவங்கம்மாவும் கூட வந்து தங்கட்டும், பாத்துக்கலாம்." அப்புறம் எக்ஸாமினர் பக்கம் திரும்பினார். "இவங்கதான் எங்க செல்வி மிஸ். ஒரு புள்ளையப் பாதியில விட மாட்டாங்க. நேர்ல போயிப் பேசிக் கூட்டிட்டு வந்துட்டாங்க, பாத்தீங்களா."

இல்லை என்று சொல்ல வேண்டும். அன்புச்செல்விக்கு அது நன்றாகத் தெரியும். எக்ஸாமினர் சிரித்த முகத்தோடு கையைக் குவித்தார். வராந்தாவில் முதல் வருஷப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"போனேன் மேடம்..." என்றாள் அன்புச்செல்வி. அதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னது பொய் இல்லை.

"மிஸ் வந்தது சனிக்கெழமை மேடம்" என்றாள் செவந்தி. குரலில் கோபம் இல்லை. மருந்தின் அளவைத் திருத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "அன்னைக்கு எங்கம்மா அனுப்ப மாட்டேன்னுருச்சு. நேத்து அதுவே பெரியவங்ககிட்டப் போயி, மூட்டைய இந்த வருஷம் பிரிக்காட்டிப் போகுது, அடுத்த வருஷம் பிரிச்சுக்குறோம், பரீட்சை நாளைக்குத்தான்னு சொல்லிட்டு வந்துச்சு. காலையில மினி பஸ்ல ஏத்திவிட்டுட்டு யாவாரத்துக்குப் போயிருச்சு. வர்ற வழியில மிஸ் ஸ்கூட்டரு எதுத்தாப்புல போச்சு மேடம். நான் ஜன்னல்லருந்து கையக் காட்டுனேன். மிஸ் பாக்கல."